மீன் தொட்டிக்குக் கட்டையும் நீர்ச்செடியும் திரட்டுதல்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ பூகோளத்தின் மறுபுறத்தில் இருப்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலம். அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துப் படகும் செல்லாதபடி செய்த நீர்ச்செடி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹைட்ரில்லா. அது அந்நாட்டிற்கு உரிய செடியன்று. 1950களின் தொடக்கத்தில், வீட்டு மீன் தொட்டிகளுக்கு அழகு சேர்க்கும் பொருளாக, இலங்கையிலிருந்து ஒரு வியாபாரி அதனை வரவழைத்தார் என்றும், வந்த செடிகள் நன்றாக இல்லையென்று டாம்பா நகரையடுத்த கால்வாய் ஒன்றில் அவை கொட்டப்பட்டன என்றும் அச்செடியின் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். சில ஆண்டுகளில் கால்வாயில் அச்செடி தழைத்து நின்றது. 1960இல் இயற்கை நீர்நிலைகளில் அது காணப்பட்டது. பின்னர் அதனை அடக்குவதற்கு அம்மாநிலம் ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட நேர்ந்தது.

1997இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய ஹைட்ரில்லா மாதிரிகளின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. புளோரிடாச் செடிக்கு மிக நெருங்கிய உறவுடையதாகக் காணப்பட்ட மாதிரி, பெங்களூரில் எடுக்கப்பட்டது. நம் ஏரிக்கரையில் கையால் அள்ளி எறியும் பாசிக்கும், கடல் கடந்த நாட்டின் பெருந்தொல்லைக்கும் ஒரே குடிவழி என்பது இதனால் தெளிவாயிற்று.

பள்ளி ஆய்வுக்கூடத்திலும் வீட்டிலும் மீன் தொட்டி அமைப்போர், கடையில் வாங்குவதற்கு மாறாக அருகிலுள்ள ஏரியிலிருந்து செடியையும், சாலையோரத்தில் விழுந்த மரக்கிளையையும் எடுத்துவருவது வழக்கம். இதில் தவறொன்றுமில்லை. இயற்கைப் பொருளைத் தானே தேடி, பெயரறிந்து, பக்குவப்படுத்தித் தொட்டியில் இடும் மாணவன் கற்பது, விலைக்கு வாங்குபவன் கற்பதைவிட மிகுதி. ஆயின் ஏரியிலிருந்து தொட்டிக்கு வருபவை யாவை, தொட்டியிலிருந்து ஏரிக்குத் திரும்பிச் செல்பவை யாவை என்னும் இரண்டு வினாக்களையும் ஒருங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒரு துண்டு செய்யும் வேலை

புளோரிடாவுக்குச் சென்ற ஹைட்ரில்லாச் செடிகள் யாவும் பெண் செடிகள். ஆண் மலர் இல்லாமையால் விதை உண்டாக வழியில்லை. அவ்வாறிருந்தும் அச்செடி மாநிலமெங்கும் பரவியது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இலைகள் வட்டமாக அமைந்துள்ளன. ஒரே ஒரு கணுவைக் கொண்ட துண்டும் வேர்விட்டுத் தனிச் செடியாக வளர வல்லது. இதனோடு, சேற்றினுள் சிறு கிழங்குகளையும் அது தோற்றுவிக்கின்றது. மேலேயுள்ள செடி முழுவதையும் வாரியெடுத்த பின்னரும், அக்கிழங்குகள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் காத்திருந்து முளைக்கும். சாதகமான நிலையில் தண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீள்கின்றது.

நம் நாட்டில் ஹைட்ரில்லா பூர்விகச் செடியாகையால், அதனை உண்ணும் பூச்சிகளும் இங்கேயே உள்ளன. இச்செடியின் இலையைக் குடைந்து வாழும் சிறு ஈ ஒன்றை இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கொண்டுசென்று, 1987இல் புளோரிடாவில் விடுவித்தனர். செடி சென்ற வழியிலேயே அதன் பகையையும் அழைத்துக்கொண்ட கதை இது.

எதிர்த்திசையில் நிகழ்ந்த பயணமும் உண்டு. பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்ட சால்வினியா என்னும் மிதக்கும் பெரணி, 1939இல் கல்விப் பணியின் பொருட்டு கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து இலங்கையின் நெல்வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது. கேரளத்தில் அது ஆப்பிரிக்கப் பாயல் என்று பெயர் பெற்று, படகுப் போக்குவரத்தையும் நெற்பயிரையும் கெடுத்தது. பெங்களூரிலும் ஓர் அல்லிக் குளத்தை அது மூடி, அல்லியைத் தலையெடுக்க ஒட்டாமல் செய்தது. 1982இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு ஒரு கூன்வண்டு வரவழைக்கப்பட்டது. அதன் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. சோதனைகளுக்குப் பின் அக்குளத்தில் விடப்பட்ட அவ்வண்டு, பதினொரு மாதங்களில் சால்வினியாவைச் சிதைத்துவிட்டது. அல்லி மீண்டும் பூத்தது. இவ்வெற்றிக்குப் பிறகே கேரளத்தின் நீர்நிலைகளில் அவ்வண்டு பரப்பப்பட்டது. வெங்காயத் தாமரைக்கு எதிரான இருவகைக் கூன்வண்டுகளும் 1980களில் பெங்களூர்ப் பகுதியிலேயே முதற்கண் சோதிக்கப்பட்டன.

இவ்வரலாறு ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் மற்றவரைக் காட்டிலும் நெருங்கியது. கொழும்புக்கு அச்செடி வந்தது வணிகத்தின் வழியாக அன்று, கல்வியின் வழியாகவே.

பெங்களூரின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. வற்றாத ஆறு இல்லாத, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்த மேட்டுநிலத்தில், முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தனர். மேல் ஏரி நிரம்பினால் மிகைநீர் ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்கால் வழியாகக் கீழ் ஏரிக்குச் செல்லும். பெள்ளந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினி ஆற்றுக்கும் போகின்றது. அவ்வாறே தமிழ்நாட்டின் தென்பெண்ணை ஆறு. ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையும், அதன்பின் கிருஷ்ணகிரி அணையும், சாத்தனூர் அணையும் அதே நீரைப் பெறுகின்றன. ஆகவே பெங்களூர் வீடொன்றின் தொட்டியைக் கழுவிச் சாக்கடையில் கொட்டிய செடித்துண்டு, மழைக்காலத்தில் எங்கே சென்று வேர்விடும் என்பதை வகுப்பறையில் ஒரு நிலப்படத்தைக் கொண்டே மாணவர்க்குக் காட்டலாம்.

எங்கே எடுக்கலாகாது

நகரின் கழிவுநீர் சேரும் ஏரிகளை முதலில் விலக்கவேண்டும். பெள்ளந்தூர் ஏரியில் சோப்புப் பொருள்களால் எழுந்த நுரை 2015இல் தீப்பற்றியதையும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அங்கு மீண்டும் தீ எழுந்ததையும் நாடே அறியும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் திரளாகச் செத்து மிதந்தன. இத்தகைய நீரில் செடி செழித்திருப்பதைக் கண்டு மயங்குதல் கூடாது. கழிவின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிக்கு எருவாகின்றன. அதே வேளையில் ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களையும் செடி தன் வேரில் சேர்த்துக்கொள்கின்றது. வெங்காயத் தாமரையைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யும் முறை இந்தப் பண்பையே அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய செடி தொட்டியில் அழுகும்போது, சேர்த்ததை மீன் வாழும் நீரில் திருப்பி விடும்.

பன்னேர்கட்டா போன்ற தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும், காய்ந்து விழுந்த கட்டையையேனும் அனுமதியின்றி எடுத்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏனைய அரசுக் காடுகளுக்கு 1963ஆம் ஆண்டு கர்நாடக வனச்சட்டம் பொருந்தும். இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. விழுந்த மரம் வண்டுக்கும் காளானுக்கும் தவளைக்கும் வீடாகும். நகர ஏரிகளிலும் லால்பாக் போன்ற தோட்டங்களிலும், அவற்றைப் பேணும் அலுவலகத்தின் இசைவு பெற்றே எதையும் எடுக்கவேண்டும்.

ஆசிரியர் மாணவரை அழைத்துச் செல்வாராயின், நீரில் இறக்காமல் கரையிலிருந்தே நீண்ட கொம்பினால் செடியை இழுத்தெடுப்பது நன்று. ஏரியின் அடிச்சேறு ஆழம் காட்டாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் தோலிலுள்ள புண்ணின் வழியாக உடலுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். காலிலோ கையிலோ வெட்டுக்காயம் உள்ளவர் அன்று கரையில் குறிப்பெழுதும் வேலையை ஏற்கட்டும்.

செடியைத் தெரிதலும் கழுவுதலும்

ஏரிக்கரையில் வாழ்வோர் நீருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பாசி என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். வெங்காயத் தாமரையையும் ஆகாயத் தாமரையையும் ஒன்றாகவே பலரும் கொள்வர். முன்னது தடித்த இலைக்காம்பும் ஊதாப்பூவும் கொண்டது. பின்னது முட்டைக்கோசு போன்ற வெளிர்பச்சை இலையடுக்கு உடையது. பெயர்க் குழப்பத்தால் வேண்டாத செடி தொட்டியில் நுழைவதுண்டு. ஆகையால் எடுத்த செடியை வெள்ளைத் தட்டில் நீரூற்றி விரித்து வைத்து, இலையமைப்பைக் கண்ணாடியால் நோக்கி அடையாளம் காணவேண்டும். ஹைட்ரில்லாவின் இலை விளிம்பில் சிறு பற்கள் உண்டு. இழுத்து விரலால் உருவினால் சொரசொரப்புத் தெரியும். நாடாவைப் போல் நீண்ட இலையுடைய வாலிஸ்னீரியா, கவையாகப் பிரிந்த இலையுடைய செரட்டோபில்லம், கரையோரச் சேற்றில் படரும் நீர்ப்பிரமி, நாலிலை கொண்ட ஆரை, கொட்டிக்கிழங்கு ஆகியவை தென்னாட்டின் பூர்விகச் செடிகள்; தொட்டிக்கும் ஏற்றவை. வெங்காயத் தாமரையையும் சால்வினியாவையும் வீட்டிற்குக் கொண்டுவராமல் இருப்பதே அறிவுடைமை. ஒரு பிடிக்கு மேல் எதையும் எடுக்கவேண்டியதில்லை. நான்கு தண்டுகள் ஒரு திங்களில் தொட்டியை நிரப்பிவிடும்.

செடியுடன் வரும் விருந்தினர் பலர். நத்தை முட்டைகள் பசை போன்ற பொதியாக இலையின் அடியில் ஒட்டியிருக்கும். தும்பியின் இளவுயிரி மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். அட்டையும், மீனின் தோலில் நங்கூரம் போல் தைத்து நிற்கும் லெர்னியா என்னும் ஒட்டுண்ணியின் இளம் பருவமும் நீர்த்துளியுடனேயே வந்துவிடும். மான்சோனியா என்னும் கொசுவின் புழு மற்றைக் கொசுப்புழுக்களைப் போல் மேற்பரப்புக்கு வந்து மூச்சு விடுவதில்லை. ஆகாயத் தாமரை, வெங்காயத் தாமரை ஆகியவற்றின் வேரில் தன் குழாயைச் செருகி, செடியினுள் இருக்கும் காற்றையே அது உட்கொள்கின்றது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இக்கொசு. மிதக்கும் செடிகளை வாளியில் போட்டு வீட்டு முற்றத்தில் வைப்போர் இதனை மறத்தலாகாது.

ஓடும் குழாய்நீரில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அலசி, பழுத்த இலையைக் கிள்ளி நீக்கிய பின், லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வீதம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்பு நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுத்து, மீண்டும் அலசவேண்டும். நிறம் கறுத்தால் அளவு மிகுந்துவிட்டது. மென்மையான இலைகள் கருகும். நத்தை முட்டைகளை மருந்து கொல்லும் என்று நம்பாமல் நகத்தாலேயே சுரண்டி எடுப்பது உறுதியான வழி. பிறகு மீனில்லாத தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் செடியைக் காவலில் வைக்கவேண்டும். பொறுமையற்றவர் தவிர்ப்பது இப்படியையே. தொட்டி முழுவதும் நோயுறுவதும் பெரும்பாலும் இதனாலேயே.

கட்டையைத் தேர்தல்

மரக்கட்டையைப் பொறுத்தவரை, பழந்தமிழ் உழவரும் மீன்பிடிப்போரும் அறிந்திருந்த ஓர் அறிவு இங்கு நேரே பயன்படும். காக்கைக்கொல்லி விதை, நேர்வாளம், மருக்காரைக் காய், சமுத்திரப்பழ மரத்தின் பட்டை, திருகுகள்ளிப் பால் ஆகியவற்றை இடித்துக் குட்டையில் கலந்து மீனை மயக்கிப் பிடித்தனர். புங்கின் வேரும் விதையும் அவ்வாறே பயன்பட்டதுண்டு. மீன்வளத் துறையினர் இன்றும், குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கை இடுகின்றனர். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்திற்கு 2,500 கிலோகிராம் வரை, அதாவது கன மீட்டர் நீருக்கு 250 கிராம், இடுவது வழக்கம். அதிலுள்ள சபோனின் என்னும் நுரைப்பொருள் செவுள் வழியாக மீனின் குருதியை அடைந்து சிவப்பணுக்களைச் சிதைக்கின்றது. மனிதருக்கோ மாட்டிற்கோ தீங்கற்ற பொருள் மீனுக்கும் தீங்கற்றது என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே மேற்கூறிய மரங்களையும், பால் வடியும் மரங்களையும், அரளி, எட்டி போன்ற நச்சு மரங்களையும், தைலம் நிறைந்த யூகலிப்டஸையும், பிசின் கசியும் பைன் வகைகளையும் ஒதுக்கவேண்டும். பெங்களூர்ச் சாலைகளில் புங்கமரம் மிகுதி. ஹொங்கே என்று கன்னடத்தில் அழைக்கப்படுவது அதுவே. ஏப்ரல், மே மாதங்களின் கோடைப் புயலில் விழும் கிளைகளில் அதுவும் இருக்கும். குல்மொஹர், பெருங்கொன்றை ஆகியவற்றின் கட்டை நச்சற்றதாயினும் விரைவில் ஊறி உளுத்துவிடும். பழைய கொய்யாக் கிளை, நாவல், புளியின் வேர்க்கட்டை ஆகியவை உறுதியானவை. பட்டை முற்றும் உதிர்ந்து, பல மாதம் உலர்ந்து, நகத்தால் அழுத்தினால் பதியாததாய், முகர்ந்தால் புளித்த நாற்றமோ எண்ணெய் மணமோ இல்லாததாய் உள்ள கட்டையே வேண்டியது. மரத்தின் பெயர் தெரியவில்லையெனில் அக்கட்டையை விட்டுவிட வேண்டும்.

மரம் நல்லதாயினும் அதன்மேல் மனிதர் பூசியது தீயதாகலாம். பழைய இருப்புப்பாதைக் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். பதப்படுத்திய கட்டிட மரங்களில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த உப்புகள் இருக்கலாம். கட்டிட வேலையில் கான்கிரீட் வார்க்கப் பயன்பட்ட பலகைகளில் எண்ணெயும் சிமெண்டும் ஒட்டியிருக்கும். குடகு, சிக்கமகளூர் மலைகளிலிருந்து வரும் காப்பிச்செடியின் வேர்த்தண்டு தோற்றத்தில் மிக அழகானது. பெங்களூரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் கழித்த முதிர்ந்த கொடியும் அத்தகையதே. ஆயின் காப்பிக்கும் திராட்சைக்கும் பூசண நோய்க்கு எதிராகப் போர்டோக் கலவை தெளிக்கப்படுகின்றது. அதில் உள்ளது மயில்துத்தம், அதாவது செம்பு. மிகச் சிறு அளவிலும் செம்பு நத்தையையும் இறாலையும் கொல்லும், மீனுக்கும் ஆகாது. தோட்டக்காரரிடம் வரலாறு கேட்டறியாமல் அக்கட்டைகளைத் தொட்டியில் இடுதல் தகாது.

பக்குவம்

தேர்ந்த கட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, உளுத்த பகுதியை உளியால் நீக்கி, சில வாரம் வெயிலில் காயவைக்க வேண்டும். அர்குலஸ் என்னும் மீன்பேன் தன் முட்டைகளைக் கல்லிலும் கட்டையிலுமே ஒட்டுகின்றது. ஏரியில் கிடந்த கட்டைக்கு இந்த உலர்த்தல் அவசியம். அதன்பின் சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் கட்டை முழுவதும் மூழ்க நீரூற்றி, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, நீரைக் கொட்டிப் புதுநீரில் மறுபடியும் கொதிக்கவைக்க வேண்டும். இதனைத் திறந்த வெளியில் செய்வது நல்லது. பாத்திரத்தில் அடங்காத கட்டையை நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து, நான்கு வாரம், இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றவேண்டும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமோ, கலக்கினால் அடங்காத நுரையோ தோன்றினால் அக்கட்டை அடுப்புக்கே உரியது.

நீர் தேயிலைச் சாறு போல் நிறம் மாறுவது கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது டானின், நாட்டு வாதுமை இலையை ஊறவைத்தாலும் இதே நிறம் வரும். ஆயினும் டானினும் அதனோடு வரும் அமிலங்களும் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதிலுள்ள பைகார்பனேட் இம்மாறுதலைத் தாங்கிக்கொள்ளும். மழைநீர் சேமித்து நிரப்பிய தொட்டியில் அத்தாங்குதல் இல்லை. அங்கு அமிலநிலை திடீரென இறங்கி மீன் துன்புறலாம். கட்டையை இட்டபின் முதல் பத்து நாள் நிறங்காட்டும் தாளைக் கொண்டு காலைதோறும் சோதித்துக் குறித்துவைப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. கட்டையின்மேல் வெண்ணிறப் பூசணம் படர்ந்தால் துடைத்தெடுத்தால் போதும். தொடர்ந்து கட்டை மெதுவாகி, மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து நிற்குமாயின், கட்டை அழுகிப் பிராணவாயுவைக் குடிக்கின்றது என்று பொருள். அன்றே அதனை எடுத்துவிட வேண்டும்.

மிதக்கும் கட்டையை அடியில் நிறுத்தக் கல் கட்டுவது வழக்கம். எளிதில் கிடைக்கும் கடப்பைக்கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. அமில நீரில் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். ஒரு துளி எலுமிச்சைச் சாறோ காடியோ விட்டால் நுரைப்பது எதுவோ அது சுண்ணாம்புக் கல். பெங்களூர் நகரமே நிற்கும் கருங்கல் இனம் அவ்வாறு நுரைக்காது. லால்பாக்கின் நடுவில் குன்றாக எழுந்து நிற்கும் பாறை அவ்வினத்ததே. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. அங்கே கல் எடுக்க இயலாது. சாலை போடும் இடத்தில் கிடக்கும் ஜல்லி ஒன்று போதும்.

வெட்டியதை என் செய்வது

தொட்டிச் செடியை மாதந்தோறும் கத்தரிக்க நேரும். அத்துண்டுகளையும் தொட்டி நீரையும் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டுதல் கூடாது. துண்டுகளைக் கருங்கல் தளத்தின்மேல் பரப்பி, ஒடியுமளவுக்கு வெயிலில் உலர்த்திய பின் எருக்குழியில் புதைக்கலாம். நீரைச் செடித்தொட்டிகளுக்கும் மரத்தடிக்கும் ஊற்றலாம். வளர்த்து அலுத்த மீனை ஏரியில் விடும் கருணையும் தவறானதே. அது வேறொருவருடைய தொட்டிக்குப் போகட்டும்.

இதன் காரணத்தை வகுப்பில் விளக்க ஒரு சோதனை உண்டு. ஹைட்ரில்லாத் தண்டொன்றை எடுத்து, ஒரு கணு உள்ள பத்துத் துண்டு, மூன்று கணு உள்ள பத்துத் துண்டு, நுனியுடன் கூடிய பத்துத் துண்டு என வெட்டி, மூன்று கண்ணாடிச் சாடிகளில் ஏரி நீரிலோ கிணற்று நீரிலோ இட்டு, வெளிச்சம் படும் சாளரத்தில் வைக்கவேண்டும். நேர்வெயில் நீரைச் சூடாக்கும். நான்காவது சாடியில், இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பத்துத் துண்டுகளை இடவேண்டும். மூன்று வாரத்திற்குப் பின் எத்தனை துண்டுகளில் புதுத் தளிரும் வேரும் தோன்றின என்று எண்ணி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதவேண்டும். சோதனை முடிந்ததும் நான்கு சாடிகளின் செடிகளையும் மெல்லிய துணியில் வடித்தெடுத்து, துணியோடு சேர்த்து வெயிலில் உலர்த்த வேண்டும்.